ஓவியத்தின் முன் சேம்பர் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேம்பர் இசை என்று இங்கே சொல்வது ஒருவர் முதல் எட்டுப் பேர் வரை, நடத்துநர் இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கும் இசையை. அதை அருங்காட்சியகக் கூடத்தில், குறிப்பிட்ட ஓவியங்களோடு சேர்த்து வழங்க நினைக்கும் காப்பாட்சியர்களும் இசைக் குழுக்களும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு விடைகள் கீழே.

இப்படி ஜோடி சேர்ப்பதால் ஓவியத்துக்கு என்ன லாபம்?

நேரம் கிடைக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வின்படி, பார்வையாளர் ஒரு ஓவியத்தின் முன் நின்ற சராசரி நேரம் 27 நொடி. ஏழு நிமிட இசை ஒன்று அதே மனிதரை அதே ஓவியத்தின் முன் ஏழு நிமிடம் உட்கார வைக்கிறது. மூன்றாவது நிமிடத்தில்தான் பின்னணியில் இருக்கும் ஜன்னல் கண்ணில் படும். ஐந்தாவது நிமிடத்தில்தான் இரண்டு சிவப்புகள் ஒன்றல்ல என்று தெரியும்.

ஓவியத்துக்கு உரை எழுதுவது இசையின் வேலை இல்லை. கண்ணை அங்கேயே தங்க வைத்தால் போதும். எந்த இசை, எங்கே நாற்காலி, எவ்வளவு வெளிச்சம் என்று எந்த முடிவு எடுத்தாலும் ‘இதனால் ஒருவர் ஓவியத்தை இன்னொரு முறை பார்ப்பாரா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகங்களில் கச்சேரிகள் பல காலமாக நடக்கின்றனவே, இதில் புதிதாக என்ன?

கூடத்தில் கச்சேரி நடப்பது ஒன்று, ஓவியத்தோடு இசையைச் சேர்ப்பது வேறொன்று. இதற்குத் தெளிவான சான்று லண்டன் நேஷனல் கேலரி. பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில் அங்கே தொடங்கிய மதியக் கச்சேரிகள் 1946 ஏப்ரல் வரை 1,698 முறை நடந்தன. ஆனால் போர்க்காலம் என்பதால் ஓவியங்கள் வேல்ஸில் பத்திரமாக இருந்தன. சுவர்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. மகத்தான கச்சேரித் தொடர்தான், ஆனால் அது ஜோடி சேர்த்தல் ஆகாது. நியூயார்க்கின் ஃப்ரிக் கலெக்‌ஷனில் 1938 முதலும், வாஷிங்டனின் பிலிப்ஸ் கலெக்‌ஷனில் 1941 முதலும் கச்சேரிகள் நடந்து வருகின்றன. இவற்றை அடுத்து வைக்க வேண்டிய படி, ‘இந்த ஓவியத்துக்கு இந்த இசை’ என்று காரணத்தோடு தேர்ந்தெடுப்பது.

எந்த அடிப்படையில் ஜோடி சேர்ப்பது?

நான்கு வழிகள் உண்டு. நான்கும் ஒரே தரம் அல்ல.

முதலாவது, ஆவணம் உள்ள உறவு. 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்த ஓவியர் காண்டின்ஸ்கி, அடுத்த சில நாட்களில் ‘இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். மஞ்சள் வெள்ளத்துக்கு நடுவே கரிய பியானோவின் வடிவம் தெரியும் அந்த ஓவியம் இன்று மியூனிக் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று வாசிக்கப்பட்டவற்றில் இரண்டாம் ஸ்ட்ரிங் குவார்டெட்டும் (இரண்டு வயலின், வியோலா, செல்லோ என நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை; ஓபஸ், அதாவது படைப்பு எண், 10) மூன்று பியானோத் துண்டுகளும் (ஓபஸ் 11) அடக்கம். குவார்டெட்டின் கடைசி இரண்டு பகுதிகளுக்கு சொப்ரானோ (உச்சக் குரல்) பாடகி தேவை. நான்கு பேருக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுப் பிறகு விழிக்க வேண்டாம். காரவாஜோவின் ‘லூட் வாசிப்பவர்’ ஓவியத்தில் (லூட் ஒரு பழைய தந்தி வாத்தியம்; ஓவியம் ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது) திறந்து கிடக்கும் புத்தகத்தில் 16-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஆர்காடெல்ட்டின் மாட்ரிகல்கள் (பல குரல் பாடல்கள்) வாசிக்கும்படியே வரையப்பட்டுள்ளன. ஒரு குரலும் ஒரு லூட்டும் இருந்தால் ஓவியத்தில் இருக்கும் அதே இசையை ஓவியத்தின் முன் ஒலிக்க வைக்கலாம்.

இரண்டாவது, ஒரே காலம், ஒரே ஊர். எளிதாகக் கிடைக்கும், அதனாலேயே சோம்பலில் முடியும். ‘இரண்டுமே 1780’ என்பது பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் செய்யாது. வேறொரு காரணமும் கூடினால் மட்டும் எடுங்கள்.

மூன்றாவது, கட்டமைப்பு. ஓவியத்தில் கண் நகரும் விதத்துக்கும் இசையில் காது நகரும் விதத்துக்கும் உள்ள ஒற்றுமை. அடர்த்தி, இடைவெளி, திரும்ப வருதல், எல்லைக்கோடுகளின் கூர்மை, அளவு ஆகியவற்றைப் பொருத்திப் பார்ப்பது. இதுதான் மிகவும் வலுவானது. இசை வரலாறு எதுவும் தெரியாதவருக்கும் இது வேலை செய்யும்.

நான்காவது, முரண். அசைவற்ற ஓவியத்துக்குக் கொந்தளிக்கும் இசை. ஒரு நிகழ்ச்சியில் ஒரு முறை மட்டும், அதுவும் பார்வையாளர்கள் பழகிய பிறகு, இரண்டாம் பாதியில் வையுங்கள்.

‘இரண்டிலும் சோகம்’ என்ற மனநிலைப் பொருத்தத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். ஓவியம் சோகம், இசை சோகம் என்று சொல்லிவிட்டால் பார்ப்பவர் அந்த ஒரு சொல்லோடு திருப்தி அடைந்து கண்ணை எடுத்துவிடுவார்.

ஓவியம் கையில் இருக்கிறது. இசையை எப்படித் தேடுவது?

முதலில் இசை இல்லாமல் அந்த ஓவியத்தின் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். கண் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது, எந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு தாளில் எண்ணிட்டுக் குறியுங்கள். வெறுமையான பரப்பு எவ்வளவு, ஒளியிலிருந்து இருளுக்கு மாற்றம் திடீரென்றா மெல்லவா என்பதையும் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை மட்டும் இசைக் கலைஞரிடம் கொடுங்கள். ஓவியரின் பெயரைச் சொல்லாதீர்கள். பெயர் தெரிந்த உடனே எல்லோருக்கும் அதே நான்கு இசையமைப்பாளர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

மூன்று இசைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கூடம் மூடிய பிறகு சின்ன ஸ்பீக்கரில் ஓவியத்தின் முன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கண்களை மூடத் தூண்டும் இசையை நீக்குங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். கடைசியாக, இசையும் ஓவியமும் புதிதான ஒருவரை உட்கார வைத்து, ‘முன்பு பார்க்காத எதைப் பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் பதில் வந்தால் மறுபடி தேடுங்கள்.

பொருந்தக்கூடிய சில ஜோடிகளைச் சொல்ல முடியுமா?

மண்டை ஓடு, அணையும் மெழுகுவர்த்தி, மணற்கடிகாரம் எல்லாம் இருக்கும் 17-ஆம் நூற்றாண்டு டச்சு வனிட்டாஸ் (வாழ்வின் நிலையாமையைக் காட்டும்) ஓவியத்துக்கு டச்சு இசையமைப்பாளர் ஸ்வேலிங்கின் ‘என் இளம் வாழ்வு முடிவுக்கு வந்தது’ என்ற ஜெர்மன் பாடலை ஒட்டிய கீபோர்ட் வேரியேஷன்கள் (ஒரே மெட்டின் மாறுபட்ட வடிவங்கள்). ஆறு வேரியேஷன்கள், ஆறேழு நிமிடம். ஒவ்வொரு வேரியேஷனும் தொடங்கும்போது கண் தானாகவே அடுத்த பொருளுக்குப் போகும். ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய, தந்தியைச் சுண்டி ஒலிக்கும் கீபோர்ட் வாத்தியம்) அல்லது சிறு பைப் ஆர்கன் போதும். அதே காலத்து மலர் ஓவியங்களுக்கு யாகோப் வான் ஐக்கின் தனி ரெக்கார்டர் (ஒருவகை மரக் குழல்) வேரியேஷன்கள் பொருந்தும். ஒரே ஒரு கலைஞர், செலவும் இடமும் குறைவு.

காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் ‘கடலோரத் துறவி’ போன்ற, பெரிய வானமும் ஒற்றை மனிதனும் உள்ள ஓவியத்துக்கு ஷூபர்ட்டின் சி மேஜர் ஸ்ட்ரிங் குவின்டெட்டின் (ஐந்து தந்தி வாத்தியங்களுக்கானது, 1828) மெதுவான பகுதியான அடாஜியோ. வெளிப் பகுதிகளில் மெல்லிசை ஏறக்குறைய நகராமல் நிற்கிறது. நடுவில் எஃப் மைனரில் வெடிக்கிறது. பிறகு பழைய அமைதிக்குத் திரும்பினாலும் அடியில் இரண்டாம் செல்லோ ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது. நடுப்பகுதி முடிந்ததும் ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கரிய கடல் வேறாகத் தெரியும். பதினான்கு நிமிடத்தை ஒட்டி ஓடுவதால் நின்றுகொண்டு கேட்கச் செய்யாதீர்கள்.

கருத்த பின்னணியில் சில பொருட்கள் மட்டும் உள்ள அசையாப்பொருள் ஓவியத்துக்கும், ஒற்றைக் கோட்டில் வரைந்த சித்திரத்துக்கும் பாக்கின் ஐந்தாம் செல்லோ சூட்டில் (நடன இசைகளின் தொகுப்பு) வரும் மெதுவான சரபாண்ட். அதில் ஓரிடத்தில்கூட இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதில்லை, ஒரே கோடுதான். மிகச் சிறிய படங்களுக்கு வெபர்னின் ஆறு பகடெல்கள் (குவார்டெட்டுக்கான குறுந்துண்டுகள், ஓபஸ் 9). ஆறும் சேர்ந்தே நான்கு நிமிடம்தான். இவற்றை இரண்டு முறை வாசியுங்கள்: முதல் முறை எல்லோரும் கலைஞர்களைப் பார்க்கட்டும், இரண்டாம் முறை படத்தைப் பார்க்கட்டும்.

ஓவியத்தைப் பார்த்து எழுதிய இசையையே வாசித்தால் போதாதா?

பல சமயம் அது வசதியாக அமையாது. முஸோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் சித்திரங்கள்’ (1874) அவருடைய நண்பர் ஹார்ட்மனின் எந்தப் படங்களிலிருந்து பிறந்ததோ அவற்றில் பல இன்று இல்லை. ரஹ்மானினோஃபின் ‘இறந்தவர்களின் தீவு’ (1909) பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கானது. தவிர, அவரைத் தூண்டியது போக்லினின் ஓவியத்தின் கறுப்பு-வெள்ளைப் பிரதி. வண்ண ஓவியத்தின் முன் அதை வைக்கும்போது இது யோசிக்க வேண்டிய விஷயம்.

சிறந்த விதிவிலக்கு அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனின் ‘ராத்கோ சேப்பல்’. ஹூஸ்டனில் 1971-இல் திறக்கப்பட்ட அந்தச் சிற்றாலயத்தில் ஓவியர் ராத்கோவின் 14 ஓவியங்கள் சுற்றிலும் நிற்கின்றன. இசை 1972-இல் அங்கேயே முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வியோலா, செலஸ்டா (மணி போல ஒலிக்கும் கீபோர்ட் வாத்தியம்), தாளக் கருவிகள், பாடகர் குழு. முன்னால் ஒரு படமும் பின்னால் ஒரு வாசிப்புமாக இல்லாமல், நான்கு பக்கமும் ஓவியம் சூழ்ந்திருப்பதை நினைத்தே எழுதியது. இதே இசையைக் குறுகிய கூடத்தில் ஒரே ஒரு ராத்கோவின் முன் வாசித்தால் பாதிப் பலன்தான்.

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியத்துக்கு டெபுஸி வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அந்த ஜோடியை எல்லோரும் ஏற்கெனவே எங்கோ கேட்டிருப்பதால் அவர்கள் எதையும் புதிதாகப் பார்ப்பதில்லை. டெபுஸியின் ஸ்ட்ரிங் குவார்டெட்டை (1893) எடுத்தால், மெதுவான மூன்றாம் பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். விரலால் சுண்டும் பிட்ஸிகாட்டோப் புள்ளிகள் தூரிகைத் தீற்றல்களைத் தனித்தனியாகப் பார்க்க வைக்கும்.

ராகமாலை ஓவியங்களுக்கு அந்தந்த ராகத்தையே பாடலாமா?

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாத இடம் இது. ராஜஸ்தான், பஹாடி, தக்காணப் பாணிகளில் வரைந்த ராகமாலைகளில் ராகமும் ராகினியும் உருவம் பெற்றிருக்கின்றன: தோடியில் வீணையோடு நிற்கும் பெண்ணைச் சுற்றி மான்கள், ஆசாவரியில் பாம்புகள். ஆனால் அந்த நூற்றாண்டுகளில் தோடி என்று பாடியதும் இன்று தோடி என்று பாடுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கர்நாடகத் தோடியும் இந்துஸ்தானித் தோடியுமே வேறு வேறு ஸ்வரங்கள் கொண்டவை. ஆகவே ‘இதுதான் இந்தப் படத்தின் இசை’ என்று அறிவிக்காமல், பெயரை ஒட்டிய இன்றைய பதில் என்று சொல்லி வையுங்கள்.

தாளமில்லாத ஆலாபனை பத்து நிமிடம் மிகப் பொருத்தம், ஏனென்றால் அதுவும் படமும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. இந்தப் படங்கள் காகிதத்தில் வரைந்தவை, பெரும்பாலும் கையகலப் புத்தகத் தாள் அளவு. வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியின் அளவு) மேல் கூடாது, பார்வையாளர் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தரையில் உட்கார்ந்து கேட்பதாக இருந்தால் கண்ணின் உயரம் சுமார் 75 சென்டிமீட்டர்தான். சுவரில் 150 சென்டிமீட்டரில் தொங்கும் படத்தை நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். படத்தைத் தாழ்வான சாய்வுப் பேழைக்கு மாற்ற முடியுமா என்று காப்பாட்சியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இசைக் கலைஞர்கள் எங்கே உட்கார வேண்டும்?

பெரும்பாலான நிகழ்ச்சிகள் இங்கேதான் கெடுகின்றன. புகைப்படத்துக்கு அழகாக இருக்கும் என்று ஓவியத்துக்கு நேர் முன்னால் குவார்டெட்டை உட்கார வைக்கிறார்கள். மனிதக் கண் அசைவதைத்தான் பார்க்கும். நான்கு வில்கள் ஆடிக்கொண்டிருக்க, பின்னால் அசையாமல் தொங்கும் ஓவியத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. உட்கார்ந்திருக்கும் கலைஞரின் தலை தரையிலிருந்து சுமார் 130 சென்டிமீட்டர். ஓவியத்தின் மையம் வழக்கமாக 145 முதல் 155. ஆகவே படத்தின் கீழ்ப்பாதியும் மறைந்துவிடும்.

கலைஞர்களைப் பக்கச் சுவர் ஓரமாக, பார்வையாளரின் பார்வைக் கோட்டுக்கு 90 பாகையில் வையுங்கள். தலையைத் திருப்பினால் தெரிய வேண்டும், திருப்பாவிட்டால் தெரியக் கூடாது. கூடம் நீளமாக இருந்தால் பார்வையாளருக்குப் பின்னாலும் வைக்கலாம். யார் வாசிக்கிறார்கள் என்று பார்க்க முடியவில்லையே என்ற குறை வரும். அதனால் முதல் இசையை மட்டும் எல்லோரும் கலைஞர்களை நோக்கி உட்கார்ந்து கேட்கட்டும். பக்கவாட்டில் வைக்கும்போது வயலின்களின் ஒலித்துளைகள் சுவரைப் பார்த்தபடி ஆகிவிடாமல் இருக்கைகளை மாற்ற வேண்டும். ஒத்திகையில் ஒருவர் கூடத்தில் நடந்து கேட்டால் தெரிந்துவிடும்.

குவார்டெட்டுக்குக் குறைந்தது 3 × 3.5 மீட்டர் இடம் தேவை. வயலின் வில்லின் நீளம் சுமார் 75 சென்டிமீட்டர். கையும் வில்லும் முழுதாக நீண்டாலும் எந்த ஓவியத்துக்கும் இரண்டு மீட்டருக்குள் வரக் கூடாது. கை இல்லாத நாற்காலிகள், கால்களில் ஃபெல்ட். செல்லோவின் அடியில் இருக்கும் கூர்முனை மரத்தரையைத் துளைத்துவிடும். ரப்பர்க் கிண்ணம் கல்தரையில் வழுக்கும். நாற்காலிக் காலில் பட்டையால் கட்டிய சிறு மரப்பலகைதான் நம்பகமானது.

கூடத்தில் சத்தம் குழம்புகிறது. என்ன செய்வது?

கல்தரை, பூசிய சுவர், உயரமான கூரை: எதிர்முழக்கம், அதாவது வாசித்து நிறுத்திய ஒலி கூடத்தில் அடங்க ஆகும் நேரம், நீளும். சேம்பர் இசைக்கு 1.2 முதல் 1.6 நொடி வரை உகந்தது. பல கூடங்களில் 3 நொடியைத் தாண்டும். கணக்கு எளிது. எதிர்முழக்க நேரம் = 0.161 × கூடத்தின் கன அளவு ÷ மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பு. 20 × 10 × 6 மீட்டர் கூடம் 1,200 கன மீட்டர். காலியாக 3.5 நொடி என்றால் உறிஞ்சும் பரப்பு சுமார் 55 சதுர மீட்டர். உட்கார்ந்திருக்கும் ஒருவர் அரை சதுர மீட்டர் கூட்டுகிறார் என்று வைத்தால், 80 பேர் வந்ததும் 95 ஆகி நேரம் 2 நொடிக்கு இறங்கும். அதனால் காலிக் கூடத்து ஒத்திகையைக் கேட்டு வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு நொடியிலும் 18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடனின் வேகமான கடைசிப் பகுதி கலங்கும். நிமிடத்துக்கு 160 துடிப்பில் பதினாறாம் ஸ்வரங்கள் (ஒரு துடிப்புக்கு நான்கு) நொடிக்குப் பத்துக்கு மேல் விழுகின்றன. ஒன்று அடங்குவதற்குள் இருபது வந்துவிடும். வேகத்தைக் குறைப்பதைவிட வேறு இசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இடையில் மௌனங்கள் உள்ள இசையும், நீண்ட ஸ்வரங்கள் உள்ள இசையும் இத்தகைய கூடங்களில் மிளிரும்.

கைதட்டிப் பார்க்கும்போது ‘டர்ர்’ என்று நடுங்கும் ஒலி கேட்டால் இரண்டு இணைச் சுவர்களுக்கு இடையில் ஒலி துள்ளுகிறது. கலைஞர்களைச் சற்றுத் திருப்பி உட்கார வைத்துப் பாருங்கள், ஓரளவு குறையலாம். பார்வையாளர் பகுதியில் தடித்த கம்பளம் விரிக்கலாம். கலைஞர்களின் கீழே வேண்டாம், செல்லோவின் அடிக்குரல் மங்கிவிடும்.

இசைக் குறிப்பைப் படிக்க வெளிச்சம் வேண்டும், ஓவியத்துக்கு வெளிச்சம் ஆகாது. எப்படிச் சமாளிப்பது?

காகிதம், நீர்வண்ணம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 150 முதல் 200 லக்ஸ் என்பது பொதுவான வரம்பு. இசைக் குறிப்பைச் சிரமமில்லாமல் படிக்கக் கிட்டத்தட்ட 300 வேண்டும். மறைப்பு உள்ள எல்ஈடி ஸ்டாண்ட் விளக்குகளைத் தாளை நோக்கி மட்டும் திருப்பி வையுங்கள். பிறகு லக்ஸ் மீட்டரை ஓவியத்தின் பரப்புக்கு அருகில் பிடித்து, விளக்கு எரியும்போதும் அணைத்தபோதும் அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள். ஒத்திகை நேரத்தையும் அந்த ஓவியத்தின் வருடாந்திர ஒளிக் கணக்கில் சேர்க்க வேண்டும்; இதைப் பலர் மறக்கிறார்கள்.

கண்ணாடி போட்ட ஓவியத்தில் ஸ்டாண்ட் விளக்கும் வெள்ளைச் சட்டையும் டேப்லெட் திரையும் பளிச்சென்று பிரதிபலிக்கும். கறுப்பு உடை, திரையின் பிரகாசம் குறைவு. முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து சரிபாருங்கள்.

ஓவியங்களுக்கு ஆபத்து உண்டா?

இசையால் மிகக் குறைவு, கூட்டத்தால் அதிகம். ஒலிபெருக்கி இல்லாத குவார்டெட்டின் ஒலியால் நல்ல நிலையில் உள்ள கான்வாஸ் பாதிக்கப்படுவதில்லை. பெரிய ஸ்பீக்கரின் அடிக்குரல் வேறு கதை. கான்வாஸ் தாழ்ந்த அதிர்வுகளுக்குத் தோல்வாத்தியத்தின் தோல் போல ஆடும், உரிந்துகொண்டிருக்கும் வண்ணம் உதிரும். ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் நிலை மோசம் என்று சொன்ன ஓவியத்தின் முன் எதுவும் வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பமும் மணிக்கு 50 கிராம் வரை நீராவியும் வெளியிடுகிறார். 80 பேர் என்றால் 8 கிலோவாட், மணிக்கு நான்கு லிட்டர் நீர். மேலே சொன்ன 1,200 கன மீட்டர் கூடத்தில் 21 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் காற்றில் மொத்தமே 11 லிட்டர் நீர்தான் இருக்கும். காற்றோட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வாசித்தால், வெப்பநிலை மாறாதிருந்தால், கணக்குப்படி ஈரப்பதம் 65-ஐத் தாண்டும். மரப்பலகை ஓவியத்துக்கு இது ஆகவே ஆகாது. ஏசி இரைச்சல் பிடிக்கவில்லை என்று அணைக்கச் சொல்லும் கலைஞர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். செய்யக்கூடியது: இரண்டு மணி நேரம் முன்பே கூடத்தை ஓரிரு டிகிரி குளிரூட்டி வைப்பது, இசை நடக்கும்போது விசிறி வேகத்தைக் குறைப்பது, ஒவ்வொரு இசைக்கும் இடையில் முழு வேகத்துக்குக் கொண்டுவருவது. ஈரப்பதக் கருவியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வில்லில் தடவும் பிசினான ரோசினின் தூள் மெல்லியதாகப் பறந்து படியும், ஒட்டிக்கொள்ளும். வில்லுக்கு ரோசின் தடவுவது வெளியே. கொம்பு வாத்தியத்திலிருந்து தண்ணீர் வடிப்பதும் வெளியே. கருவிப் பெட்டிகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து சுவரில் சாய்க்க விடாதீர்கள். கலைஞருக்குப் பூங்கொத்து கொடுக்கும் வழக்கமும் கூடத்துக்குள் வேண்டாம், பூவோடு பூச்சியும் வரும்.

பியானோ தேவையா?

முடிந்தால் தவிர்க்கலாம். பெரிய கச்சேரி பியானோ 274 சென்டிமீட்டர் நீளம், 500 கிலோவை ஒட்டிய எடை, அத்தனையும் மூன்று புள்ளிகளில் இறங்குகிறது. தரையின் தாங்குதிறனைப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும், சக்கரங்களின் கீழே கிண்ணங்கள் வேண்டும், வரும் வழியில் உள்ள ஓவியங்களை ஒருவர் கூடவே நடந்து காக்க வேண்டும். கொண்டுவந்து ஒரு நாளாவது கூடத்தின் காற்றுக்குப் பழக விட்டு, பிறகு சுருதி சேர்க்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். 17, 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களுக்கு 60 கிலோ ஹார்ப்சிகார்ட் எளிது. ஆனால் ஈரப்பதம் ஏறினால் இடையிலேயே சுருதி கலையும்.

நிகழ்ச்சி எவ்வளவு நேரம்?

இடைவேளை இல்லாமல் 60 நிமிடம், மூன்று அல்லது நான்கு ஓவியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒழுங்கு: இரண்டு நிமிடம் பேச்சு, ஒரு நிமிடம் மௌனமாகப் பார்த்தல், ஆறு முதல் பதினான்கு நிமிடம் இசை, மறுபடி அரை நிமிடம் மௌனம். இந்த மௌனங்களைக் கலைஞர்களோடு சேர்ந்து ஒத்திகை பாருங்கள். இல்லாவிட்டால் பதற்றத்தில் பத்து நொடியாகச் சுருங்கிவிடும்.

நான்கு பகுதிகள் உள்ள குவார்டெட்டில் ஒன்றை மட்டும் எடுப்பது தவறில்லை. 19-ஆம் நூற்றாண்டுக் கச்சேரிகளிலேயே பகுதிகளைப் பிரித்து வாசித்தார்கள். ஒரு பகுதியை நடுவில் வெட்டுவதும் ஒலியைத் தேய்த்து மறைப்பதும் கூடாது.

பேச்சில் என்ன சொல்ல வேண்டும்?

பார்ப்பதற்கு ஒரே ஒரு விஷயம். ‘வலது மூலையில் உள்ள சிவப்பைக் கவனியுங்கள், மற்றச் சிவப்புகளோடு ஒப்பிடுங்கள்’ என்பது போதும். என்ன உணர வேண்டும் என்று சொல்லாதீர்கள். ஓவியரின் வாழ்க்கை வரலாறு அச்சிட்ட தாளில் இருக்கட்டும். எப்போது கைதட்டலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்; ‘கடைசியில் மட்டும்’ என்றால் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். பார்வையற்றோர் வருவதாக இருந்தால், மௌன நிமிடத்துக்குப் பதிலாக ஓவியத்தை ஒன்றரை நிமிடத்தில் சொல்லால் வருணித்து வாசியுங்கள். அது மற்றவர்களையும் நன்றாகப் பார்க்க வைக்கும்.

ஓவியம் மிகச் சிறியது, எண்பது பேர் எப்படிப் பார்ப்பது?

பார்க்க முடியாது. வெர்மீரின் ‘லேஸ் பின்னும் பெண்’ 24 × 21 சென்டிமீட்டர்தான். அருகில் திரை வைத்துப் பெரிதாகக் காட்டினால் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள், அசல் அநாதையாகும். ஐந்து நிமிட இசையைப் பதினைந்து பேர் கொண்ட குழுக்களுக்கு நான்கைந்து முறை வாசிப்பதே சரியான வழி. கலைஞர்களுக்கு ஒவ்வொரு முறைக்கும் இடையில் பத்து நிமிட ஓய்வு கொடுங்கள், ஊதியத்தையும் அதற்கேற்பப் பேசுங்கள்.

அன்று மாலையில் வழக்கமாக எது சொதப்பும்?

அசைவை உணர்ந்து எரியும் விளக்குகள். எல்லோரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது கூடம் இருண்டுவிடும். முன்கூட்டியே கைமுறைக்கு மாற்றுங்கள். அடுத்தது ஓவியத்தின் முன் உள்ள நெருக்க எச்சரிக்கை: ஓரத்தில் உட்கார்ந்தவர் கையை நீட்டினாலே கத்தும். அதை அணைக்கக் கூடாது, நாற்காலிகளைத் தள்ளிப் போடுங்கள். காவலர்களின் வாக்கி-டாக்கிக்கு இயர்போன். அடுத்த கூடத்து வீடியோப் படைப்பின் ஒலி. தானாக மூடும் கதவின் ‘டப்’. இவை எல்லாவற்றையும் பிடிக்க, நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் முந்தைய நாள் கூடத்தில் பத்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள்.

உரிமைகள், அனுமதிகள்?

இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை என்பது பல நாடுகளின் விதி. உங்கள் நாட்டில் எத்தனை என்று பாருங்கள். 1951-இல் மறைந்த ஷோன்பெர்க் அந்தக் கணக்கில் விடுபட்டுவிட்டார். 1987-இல் மறைந்த ஃபெல்ட்மன் இல்லை. நேரடி வாசிப்புக்கு ஒன்று, பதிவு செய்ய ஒன்று, இணையத்தில் ஒளிபரப்ப ஒன்று எனத் தனித்தனி அனுமதிகள். இரவல் வாங்கிய ஓவியமாக இருந்தால், இரவல் ஒப்பந்தத்தில் கூடத்தில் நிகழ்ச்சி நடத்தத் தடை இருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் முன்பே படியுங்கள்.

ஹெட்ஃபோனில் பதிவு செய்த இசை போதாதா?

தினசரிப் பார்வையாளருக்குப் பயன்படும். நான்கு நிமிடத்துக்குள் உள்ள இசை, காதை மூடும் வகை ஹெட்ஃபோன், ஓவியத்தின் முன் ஒரு பெஞ்ச். பெஞ்ச் இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே அடுத்த படத்துக்கு நடந்துவிடுவார்கள்.

ஜோடி பொருந்தியதா என்று எப்படித் தெரியும்?

இசை நடக்கும்போது ஒருவர் ஓரமாக நின்று, அரை நிமிடத்துக்கு ஒரு முறை எத்தனை பேர் ஓவியத்தைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக் குறிக்கட்டும். எண்ணிக்கை தொடர்ந்து இறங்கினால் இசை நீளம், அல்லது கலைஞர்கள் கண்ணில் படுகிறார்கள். நடுவில் இறங்கி மறுபடி ஏறினால், அந்த இடத்தில் இசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று பழையபடி திரும்பி வந்திருக்கும். நிகழ்ச்சி முடிந்து கதவைத் திறந்த பிறகு ஓவியத்தின் அருகே போய் மறுபடி பார்ப்பவர்களையும் எண்ணுங்கள். அடுத்த முறை அதே ஓவியத்துக்கு வேறு இசை வைக்கும்போது இந்த எண்களை ஒப்பிடலாம்.